எது அந்த வண்டி?

தேரேறி வந்த மிலிந்தன் என்னும் யவன மன்னனை நாகசேனர் என்னும் பௌத்தத் துறவி ஒரு வினாவால் மடக்கினார் என்று மிலிந்த பன்ஹா கூறும். அச்சு தேரா? சக்கரம் தேரா? நுகம் தேரா? ஒவ்வொன்றுக்கும் 'அன்று' என்றே விடையிறுத்த மன்னன், இவையெல்லாம் கூடியவழி வழங்கும் பெயரே தேர் என்று முடிவில் ஒப்புக்கொண்டான். கல்லூரியில் இதைப் படித்தபோது சொற்சிலம்பம் என்றே எண்ணினேன். ஜபல்பூரில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் பழைய டிரக் அவ்வெண்ணத்தை மாற்றிற்று.

அது நிசான் ஒரு டன் வண்டி. ஜப்பானிய உரிமத்தின்கீழ் இந்நகரத்துப் படைத்துறைத் தொழிற்சாலையில் உருவானது. ஜோங்கா ஜீப்புக்கு உடன்பிறப்பு. ஆறு சிலிண்டர், 3,956 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின்; பின்னால் திறந்த தட்டு. படையினர் கழித்துவிட்ட அதனை என் தந்தையார் 1989-இல் ஏலத்தில் எடுத்தார். மாதச் சம்பளக்காரருக்கு லாரி எதற்கு என்று அம்மா கேட்டதற்கு அவர் விடை கூறவில்லை. ஆனால் தமிழர் வீடு மாறினாலும், பொங்கல் விழாவுக்குப் பானைகளும் பெஞ்சுகளும் வேண்டினாலும், அவ்வண்டியே சென்றது.

அதைப் பேணுதல் ஒரு நோன்பு. கார்புரேட்டரைக் கழற்றித் துடைப்பதும், பிளாட்டினம் பாயிண்டின் இடைவெளியைச் சரிபார்ப்பதும், ரேடியேட்டருக்கு நீர் வார்ப்பதும் என் விடுமுறைக் கடமைகள். பிஸ்டன் வளையங்கள் இருமுறை மாறின; தட்டின் பலகைகள் மும்முறை; பிரேக் ரப்பர்களுக்குக் கணக்கே இல்லை. அலுவலகத்தில் பிற வண்டிகளின் கோப்புகளில் 'பழுது பார்ப்பது சிக்கனமன்று' என்று குறிப்பெழுதும் கையே, வீட்டில் கிரீஸ் பூசிக்கொண்டது. இம்முரண் எனக்கு வெட்கம் தந்ததில்லை.

இத்தனை மாறியபின் எது அந்த வண்டி? நாகசேனரைக் குழப்பியிருக்கக்கூடிய விடையொன்று பதிவுச் சான்றில் உண்டு: எஞ்சின் எண்ணும் சேஸி எண்ணும். எழுத்தனுக்கு இதுவே போதும். 2021-இல் மைய அரசு வகுத்த விதிகளின்படி ஐம்பது ஆண்டு கடந்த கார்களும் இருசக்கர வண்டிகளும் மரபு வண்டிகளாகப் பதிவு பெறலாம். ஆயின் அவை மூல வடிவு குலையாதிருத்தல் வேண்டும், நாள்தோறும் ஓடலாகாது. டிரக்குகளுக்கு அப்பேறும் இல்லை. உழைப்பதற்கென்றே பிறந்த வண்டியை உழையாதிருக்கப் பணிக்கும் மதிப்பு அதற்கு வேண்டியதுமில்லை என்று அன்று சொல்லித் திரிந்தேன்.

2022 கோடையில், நீர் வற்றியதை நான் கவனியாமல் ஓட்டியதால், எஞ்சின் பிளாக்கில் விரிசல் கண்டது. பிழை முழுவதும் என்னுடையதே. டீசல் எஞ்சின் ஒன்றைப் பொருத்திவிடலாம் என்றார் மிஸ்திரி; எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம். தந்தையார் மறைந்து ஆறாண்டுகள் ஆகியிருந்தன. அவர் கேட்ட ஒலியே எனக்கு வேண்டியிருந்தது. தேடியலைந்து, நரசிங்கபூர்ப் பக்கத்துச் சிற்றூரில் அதே இன வண்டியொன்றைக் கண்டேன். உரியவர் கரும்பு விவசாயி. அதில் வெல்லம் ஏற்றிச் சந்தைக்குப் போய்வருபவர். அவர் வண்டியில் கியர்ப் பெட்டி நைந்திருந்தது. பிரேக் டிரம்களும் தேய்ந்திருந்தன. எஞ்சின் மட்டும் இனிது பாடிற்று. மகன் புதிய வண்டி கேட்கிறான், விற்றுவிடலாம் என்றார். விலையும் படிந்தது.

"பாபுஜி, மாதத்தில் எத்தனை நாள் ஓட்டுவீர்கள்?" என்று அவர் கேட்டார்.

இரண்டு நாள் என்றேன். அதுவும் மிகைதான். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. எனக்கோ அங்கு நிற்க முடியவில்லை.

ஏதென்ஸ் நகரத்தார் தீசியஸின் கப்பலைப் பலகை பலகையாகப் புதுப்பித்துக் காத்தனர் என்று புளூட்டார்க் எழுதினார். கழித்த பழம்பலகைகளைச் சேர்த்து மற்றொரு கப்பல் கட்டினால் உண்மைக் கப்பல் எது என்று ஹாப்ஸ் பின்னர் கேட்டார். புதுப் பலகை எந்தக் கப்பலிலிருந்து பிடுங்கப்பட்டது என்று அவ்விருவரும் கேட்கவில்லையே! என் நினைவு பிழைப்பதற்கு உழைக்கும் வண்டியொன்று சாக வேண்டுமா? நான் வாங்காவிட்டால் காயலான் கடைக்காரர் வாங்குவார் என்ற வாதம் உடனே எழுந்தது. அது பொய்யான வாதமன்று. இன்றும் அதற்கு முழு மறுப்பு என்னிடம் இல்லை. ஆனால் அதே வாதத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். உறுப்பு ஈவது ஏன் என் வண்டியாக இருக்கலாகாது?

கியர்ப் பெட்டியையும் நான்கு டிரம்களையும் கழற்ற இரண்டு ஞாயிறுகள் ஆயின. அம்மா அவ்விரு நாளும் என்னுடன் பேசவில்லை. மகன் புதிய வண்டியை எப்படியும் வாங்குவான், அதன்பின் இவை எதற்கு என்று மனைவி கேட்டாள். வாங்கினான்தான், சென்ற ஆண்டு. எனினும் தந்தை தம் பழைய வண்டியை விற்கவில்லை.

எங்கள் வண்டி இப்போது செங்கற்களின்மேல் நிற்கிறது. இரு எண்களும் அதனிடமே உள்ளன. சட்டப்படி அதுவே அந்த வண்டி. தை மாதத்தில் விவசாயி வந்து, மூன்று கட்டி வெல்லத்தை இறக்கி வைத்துவிட்டுப் புறப்பட்டார். அவர் கியர் மாற்றும் ஒலி தெருமுனை வரை கேட்டது. வாசலில் நின்றிருந்த அம்மா, அது அடங்கிய பிறகே உள்ளே வந்தாள்.