முஸாபிரின் இரண்டு ரக்அத்

பயணத்தில் இருப்பவன் நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழலாம் என்பது மதரஸாவில் ஓதும் சிறுவனுக்கும் தெரிந்த சட்டம். பிறந்த ஊரில் நின்றுகொண்டு அந்தச் சலுகையை எடுப்பவனுடைய மனம் என்ன பாடுபடும் என்பதைச் சட்ட நூல்கள் சொல்வதில்லை. அது அவற்றின் வேலையும் இல்லை. 2022 ஜூலையில் ஒரு பின்னேரம், யாழ்ப்பாணம் சோனகத் தெருப் பள்ளிவாசல் ஒன்றில் வுழூச் செய்துகொண்டிருந்தபோது எனக்கு அந்தக் கேள்வி வந்தது. நான்கா, இரண்டா?

புத்தளத்துக்கு அருகே ஒரு கிராமப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். அந்த மாதம் நாட்டில் பெற்றோல் இல்லை. பாடசாலைகள் மூடிக் கிடந்தன. எரிபொருள் நிலையங்களின் முன்னால் வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. ஜனாதிபதி நாட்டைவிட்டுப் போன அந்தக் கிழமையில் நான் என் லுமாலா சைக்கிளின் செயினுக்கு எண்ணெய் விட்டு, காற்றடித்து, வடக்கே புறப்பட்டேன். "உங்களுக்கென்ன பைத்தியமா?" என்று மனைவி கேட்டாள். பஸ் ஒழுங்காக ஓடியிருந்தால் பஸ்ஸில் போயிருப்பேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். போயிருக்க மாட்டேன். 1990இல் பத்து வயதில் அந்த ஊரை விட்டு வந்தபோது எந்த வழியால் வந்தோம் என்பதே எனக்குத் தெரியாது. லொறியின் பக்கப் பலகைக்கு மேலால் தெரிந்த வானம் மட்டும் நினைவில் இருக்கிறது. அந்தத் தூரம் எவ்வளவு என்பதை என் கால்கள் அறியவேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது.

அநுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி என்று மூன்று இரவு தங்கி, நாலாம் நாள் சேர்ந்தேன். ஏறத்தாழ 270 கிலோமீற்றர். சோழகக் காற்று முதுகில் இருந்ததால் நாற்பது தாண்டிய ஒரு வாத்தியாரால் அது முடிந்தது. அதில் வீரம் ஒன்றுமில்லை.

தனியே போனேன் என்று ஊரில் சொல்கிறார்கள். தனிப் பயணம் என்ற சொல்லில் எனக்கு இப்போது சந்தேகம். 1884இல் புறப்பட்டு 1886இல் சைக்கிளில் உலகைச் சுற்றி முடித்த தோமஸ் ஸ்டீவன்ஸ் கைத்துப்பாக்கியோடு போனார். 1963இல் அயர்லாந்திலிருந்து இந்தியாவுக்குத் தனியே மிதித்து வந்த டேர்வ்லா மேர்ஃபியிடமும் ஒன்று இருந்தது. தனியே போகிறவன் எதிரே வரும் மனிதனைப் பற்றி முதலில் ஒரு முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது. என்னிடம் ஒரு காற்றுப் பம்பும் தண்ணீர்ப் போத்தலும் அடையாள அட்டையும் இருந்தன. ஆகவே என் முடிவு வேறாகத்தான் இருந்திருக்க வேண்டும். மதவாச்சிக்கு இப்பால் தேநீர்க் கடைக்காரர் ஒருவர் காசு வாங்க மறுத்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நன்றியைக்கூடச் சரியாகச் சொல்ல வரவில்லை. மாங்குளத்துக்கு முன்னால் பின் டயர் காற்றுப் போய், உருட்டிக்கொண்டு போன என்னை மறித்து ஒட்டுப் போட்டுத் தந்த பையன் ஊரைக் கேட்டான், பேரைக் கேட்கவில்லை. முறிகண்டியில் எல்லோரும் இறங்குவதுபோல நானும் இறங்கி, கச்சான் வாங்கித் தின்றேன்.

இப்னு பதூதாவும் தனியே திரிந்தவரல்ல. 1344இல் அவர் இலங்கையில் வந்து இறங்கிய இடம் எங்கள் புத்தளம். அங்கே அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. பாவா ஆதம் மலைக்குப் போக ஆசைப்பட்டவருக்குப் பல்லக்கும் ஆட்களும் கொடுத்து, வழித்துணையாக யோகிகளையும் பிராமணர்களையும் அனுப்பினார். ஸகாத் பெறத் தகுதியான எட்டுப் பேரில் வழிப்போக்கனையும் குர்ஆன் சேர்த்திருப்பதைப் பிள்ளைகளுக்குப் பலமுறை படிப்பித்திருக்கிறேன். வீட்டில் வசதி உள்ளவனும் வழியில் கையேந்தவேண்டி வரலாம் என்பது மாங்குளத்தில்தான் விளங்கியது.

நாவற்குழிப் பாலத்தில் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஒலிபெருக்கியில் அழைத்தார்கள், ஜின்னா மைதானத்தில் கூட்டினார்கள், இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். அந்த மாதக் கடைசியில் வடக்கை விட்டு வந்தவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். வாப்பா தையல்காரர். தன்னுடைய ரலி சைக்கிளை, அடுத்த ஒழுங்கையில் இருந்த ஒரு தமிழ்க் குடும்பத்திடம், கொஞ்ச நாளைக்கு வைத்திருங்கள் என்று கொடுத்துவிட்டு வந்தார்.

சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995இல், அதே ஒக்டோபர் 30 அன்று, இராணுவம் நெருங்கிவர, வலிகாமத்துத் தமிழர்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சிக்குப் போனார்கள். மழை. அந்தச் சனத்துக்கெல்லாம் இருந்த வழி நாவற்குழிப் பாலம். எனக்கு அப்போது பதினைந்து வயது. புத்தளத்து ஓலைக் கொட்டிலில் வானொலியில் அந்தச் செய்தியைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. 'இப்ப விளங்கும்' என்று வாய்விட்டே சொன்னேன். வாப்பா ஒன்றும் பேசாமல் வானொலியை நிறுத்திவிட்டு எழும்பிப் போனார். இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

அந்த ஒழுங்கையைத் தேடிப் போனேன். வீடு திருத்திக் கட்டப்பட்டிருந்தது. வாசலில் வந்த முதிய அம்மாவுக்கு வாப்பாவின் பேரைச் சொன்னதும் விளங்கிவிட்டது. "வாங்கோ தம்பி, வந்து இருங்கோ" என்றவர் உள்ளே போய், ஒரு பழைய டைனமோவைக் கொண்டுவந்து வைத்தார். பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட ஊர் அது. சைக்கிள் எங்கே போனது என்பதையும் அவரே சொன்னார். 1995இல் மாமியாரைக் கரியரில் இருத்தி, ஹேண்டிலில் பைகளைத் தொங்கவிட்டு, மகன் உருட்ட, அந்தப் பாலத்தைக் கடந்ததாம். ஊர் திரும்பிய பிறகு விறகு ஏற்றியதாம். கடைசியில் பார் முறிந்து, பழைய இரும்புக்குப் போய்விட்டதாம்.

"நம்பித் தந்த சாமான் தம்பி. கேக்காமப் பாவிச்சுப்போட்டம். வாப்பா மன்னிச்சிருப்பாரோ?"

நான் செய்தியைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட இரவில் வாப்பாவின் சைக்கிள் அந்தக் கிழவியைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்டவர் அவர். கேட்கவேண்டியவன் எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். அமானத்துப் பொருளைப் பாவித்ததற்கு வாப்பா சார்பில் ஹலால் சொல்ல எனக்கு ஒரு நிமிடமும் எடுக்கவில்லை. என்னுடையதைச் சொல்ல வாய் வரவில்லை. அவருக்கு அதனால் என்ன பயன், மனது நோவதைத் தவிர, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது இரக்கமா கோழைத்தனமா என்று இன்றும் பிரித்தறிய முடியவில்லை. அவர்களுக்கும் நடந்தது, ஆகவே கணக்குச் சரி என்று எங்களுக்குள் பேசுவோர் உண்டு. எங்கள் வெளியேற்றத்தின் பாரம் அவர்களுடைய வெளியேற்றத்தால் ஒரு இறாத்தல்கூடக் குறையவில்லை. அவர்களுடையதும் எங்களால் இலேசாகவில்லை. எதை எதில் கழிப்பது?

பள்ளிவாசலுக்கு வருகிறேன். அங்கிருந்த மௌலவியிடம் கேட்டேன். எத்தனை நாள் தங்க நிய்யத்து என்று கேட்டார். இரண்டு நாள் என்றேன். வந்த நாளும் போகும் நாளும் போக நான்கு நாள் தங்க எண்ணாதவன் முஸாபிர்தான், ஷாஃபிஈ மத்ஹபில் இதில் குழப்பமில்லை என்றார். பிறகு தானாகவே ஒன்றை நினைவூட்டினார். மக்கா வெற்றியின்போது நபி (ஸல்) அவர்கள் பிறந்த மண்ணில் சுருக்கியே தொழுதார்கள். எங்கே தங்குவீர்கள் என்று கேட்கப்பட்டபோது, அகீல் நமக்கு வீடு எதையாவது விட்டுவைத்தாரா என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். பிறகு மதீனாவுக்கே திரும்பினார்கள்.

இந்த வரலாற்றைக் காட்டி, புத்தளத்தில் வேர்விட்டவர்கள் வடக்கைப் பற்றிப் பேசுவதை விடலாமே என்று சில மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது எனக்கு உடன்பாடில்லை. உரிமையை விட்டுக்கொடுப்பது உரியவன் செய்யும் கொடை. பக்கத்தில் நிற்பவன் அதை அவனுக்காகச் செய்துவிட முடியாது. என் பிள்ளைகளுக்கு ஊர் புத்தளம் என்பதும் உண்மை. உம்மா மவுத்தாகும்வரை சோனகத் தெருவை 'ஊர்' என்றும் புத்தளத்தை 'இங்கே' என்றும்தான் சொன்னார். நான் சொல்லும்போது இரண்டுக்கும் இடையில் நாக்குத் தடுமாறுகிறது.

அன்று அஸரை இரண்டாகத் தொழுதேன். மறுநாள் லுஹரில் ஜமாஅத்துக்குப் போய்விட்டேன். ஊரில் குடியிருக்கும் இமாமைப் பின்பற்றும் முஸாபிர் நான்கும் தொழவேண்டும். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளத்தான் போனேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

டைனமோவை அந்த அம்மா பையில் வைத்துக் கட்டித் தந்தார். அடுத்த முறை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது.