அரண்மனைக்குள் துறவு

மாட்ரிட் நகருக்கு வடமேற்கே, குவாடராமா மலைச்சாரலில், ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் 1563 முதல் 1584 வரை கட்டுவித்த எஸ்கோரியல், அரண்மனையும் துறவியர் மடமும் தேவாலயமும் அரசகுலத்தாரின் சமாதியும் ஒரே கருங்கல் மதிலுக்குள் அமைந்த அபூர்வ சிருஷ்டியாகும். 1557 ஆகஸ்டு 10 அன்று, புனித லாரன்ஸின் திருநாளில், பிரெஞ்சுப் படையை வென்றதற்குக் காணிக்கையாகவும், தந்தை ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்தியின் பூதவுடல் துயிலும் இடமாகவும் அது எழுந்தது.

உலகெங்கும் பரந்த ராஜ்யத்தை ஆண்ட அம்மன்னர் தமக்கென வைத்துக்கொண்டதோ அலங்காரமற்ற ஒரு சிறு படுக்கையறை. எழுந்து நடக்க இயலாத நாட்களிலும் படுத்தபடியே பூசையைத் தரிசிக்கும் வண்ணம், தேவாலயத்தின் பிரதான பீடத்தை நோக்கி அதற்கு ஒரு சாளரம் வைத்திருந்தார். கீல்வாதமும் ரணங்களும் வாட்ட, வாரக்கணக்கில் வேதனையைப் பொறுத்திருந்து, 1598 செப்டம்பர் 13 அன்று அவர் உயிர் நீத்தபோது கையில் இருந்தது, தந்தை தம் அந்திம காலத்தில் பற்றியிருந்த அதே சிலுவை.

ராஜ்யபாரத்தைச் சுமந்துகொண்டே ஒருவர் துறவியாதல் கூடுமோ? ராஜரிஷி ஜனகரைப் போற்றும் நம் மரபு கூடும் என்றே சொல்லும். நானும் அதை மறுப்பதற்கில்லை. ஆனால் எதைத் துறந்தார் என்பதை அல்லவா முதலில் கேட்க வேண்டும்? தந்தை சார்லஸ், யூஸ்தே மடத்தை அடுத்த இல்லத்தில் ஒதுங்கிய பின்னும் அரசியல் கடிதங்களை விட்டாரில்லை. எனினும் மகுடத்தை மெய்யாகவே இறக்கி வைத்தார். மகனோ சுகத்தைத் துறந்தார், உறக்கத்தைக் குறைத்தார், மரண ஸ்மரணையை நித்திய நியமமாகக் கொண்டார். தம் சித்தமே தேவசித்தம் என்ற நிச்சயத்தை மாத்திரம் ஒருகணமும் விட்டாரில்லை.

மதபேதம் கொண்டோரை ஆள்வதைவிட ராஜ்யங்கள் யாவற்றையும் இழப்பதே மேல் என்று 1566இல் ரோமாபுரியிலிருந்த தம் தூதருக்கு அவர் எழுதினார். கேட்கும்போது இது பெரும் வைராக்கியமாகவே தோன்றுகிறது. ஆனால் மறு ஆண்டு அவர் ஆணைப்படி ஆல்பா பிரபு படையுடன், அவர் ஆட்சிக்குட்பட்ட நெதர்லாந்து சென்று அமைத்த விசாரணை மன்றம் எத்தனையோ பேரைக் கொலைக்களத்துக்கு அனுப்பியதை எண்ணும்போது, ராஜ்யத்தின் மீதுள்ள பற்றைக் காட்டிலும் கொடிதான அகங்காரப் பற்று அவ்வாசகத்துள் உறைந்திருந்தமை புலனாகிறது. பிற்காலத்தில், பீடத்தைக் கண்ட அச்சாளரத்தின் அருகிலிருந்தும் அவர் தம் ஆணைகளுக்குக் கையொப்பமிட்டு வந்தார். அவருடைய எளிமையும் பொறுமையும் மெய்யானவை, அவற்றை வணங்குகிறேன். அவரைத் துறவி என்று சொல்ல மாத்திரம் என் மனம் ஒப்பவில்லை.