ரதம் திரும்பும் நாள்

தைப்பூசம் என்றால் போகிற வழியைத்தான் எல்லாரும் பேசுகிறோம். சிகாமட், லாபிஸ், ஜெமெந்தா பக்கத்திலிருந்து பேருந்து பிடித்துப் பத்துமலைக்குப் போய் வருகிறவர்கள் விரதத்தைச் சொல்வார்கள், பால்குடத்தைச் சொல்வார்கள், 272 படிகளில் எந்த இடத்தில் கால் நடுங்கியது என்பதுவரை சொல்வார்கள். திரும்பி வந்த கதையை யாரும் சொல்வதில்லை. ஜொகூரில் பூசத்துக்கு ஒரு நாள் விடுமுறை, மறுநாள் வேலை. காணிக்கை செலுத்திய கையோடு பேருந்தில் ஏறித் தூங்கினால், கண் விழிக்கும்போது ஊர் வந்திருக்கும்.

பணி ஓய்வு பெற்ற பிறகு வந்த பூசத்தில் நான் அந்தப் பேருந்தில் ஏறவில்லை. மகளுக்காக வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. பால்குடமும் எடுத்தாயிற்று. மறுநாள் எனக்காகக் காத்திருக்கும் வேலை என்று ஒன்றும் இல்லை. கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோவிலிலிருந்து முருகனையும் வள்ளி தெய்வானையையும் ஏற்றி வந்த வெள்ளி ரதம், பூசம் கழிந்து தாய்க்கோவிலுக்குத் திரும்பும். ஏறத்தாழ 15 கிலோமீட்டர். அதன் பின்னால் நடந்தேன்.

வரும்போது ரதத்தைச் சுற்றிக் கடல்போல் கூட்டம். திரும்பும்போது அப்படி இல்லை, கைவீசி நடக்க இடம் இருந்தது. தண்ணீர்ப் பந்தல்களில் பாதி பிரிக்கப்பட்டிருந்தன. பெரிய அண்டாக்களைக் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்த இளைஞர்கள் ரதத்தைக் கண்டதும் ஈரக் கையோடு கும்பிட்டார்கள். துப்புரவுத் தொழிலாளர்கள் உடைந்த தேங்காய் ஓடுகளைக் கூட்டி லாரியில் கொட்டினார்கள். தார்ச்சாலையின் சூடு பாதத்தில் ஏறியபோதுதான், முந்தின நாள் இதே சூட்டை நான் உணரவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. வேண்டுதல் ஒன்று நெஞ்சில் இருந்தவரை அது காலை இழுத்துக்கொண்டு போனது. இப்போது கேட்பதற்கு எதுவும் இல்லை. கால் தானாகத்தான் நடக்க வேண்டும்.

ஈப்போ சாலையில் கடை வாசல்களிலும் அடுக்குமாடி வீடுகளின் கீழும் ஆட்கள் அர்ச்சனைத் தட்டோடு காத்திருந்தார்கள். நடுநடுவே சீருடைகள். காவலர் உடையில் இருந்த ஒரு பெண்ணிடம், பத்துமலைக்கு வரவில்லையா அம்மா என்று கேட்டேன். "நேத்து டியூட்டிங்க ஐயா. என்னால போக முடியல, அதான் அவரே வர்றாரு" என்றார். மருத்துவமனையிலும் உணவகத்திலும் பூசத்தன்று வேலை பார்த்தவர்களுக்கு இந்தத் திரும்புகாலே திருவிழா. இத்தனை ஆண்டுகள் பேருந்தில் தூங்கியபோது எனக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருந்த பூசம் இது.

திரும்பும் வழியும் யாத்திரைதான் என்பதைத் தமிழ்நாட்டில் தெளிவாக உணர்ந்தவர்கள் நகரத்தார். 17-ஆம் நூற்றாண்டில் உப்பு வணிகத்துக்காகப் பழனிக்குப் போனவர்களின் காலத்திலிருந்து வரும் மரபு அவர்களுடைய பாத யாத்திரை. குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகக் காவடியோடு பழனிக்கு நடக்கிறார்கள். பலருக்கும் அதுவரை தெரியும். காவடி செலுத்திய பிறகு அதே தூரத்தைக் காவடிக்காரர்கள் நடந்தே திரும்புகிறார்கள் என்பதுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. இந்தக் காலத்தில் பழனியிலிருந்து காரைக்குடிக்குக் காரில் சில மணி நேரம். ஆனாலும் நடக்கிறார்கள். கேட்கப் போகும்போது நடந்தாயே, பெற்றுத் திரும்பும்போது ஏன் ஓடுகிறாய் என்று யாரோ அவர்களைக் கேட்டதைப் போல.

எனக்கு இந்தக் கேள்வி வெறும் யாத்திரையைப் பற்றியதாகத் தெரியவில்லை. பிள்ளைகள் படித்து முடித்தார்கள், வீட்டுக் கடன் அடைந்தது, வேலையிலிருந்து மாலை போட்டு அனுப்பினார்கள். ஏற்றத்துக்கு 48 நாள் விரதம் இருக்கிறோம். மலையேறி முடித்தவன் அதற்குப் பிந்திய நாட்களை எப்படி நடப்பது என்பதற்கு எந்த விரதமும் இல்லை. என் வயது நண்பர்கள் சிலர் அந்த நாட்களைத் தூங்கியே கடக்கப் பார்க்கிறார்கள். சிலர் புதிதாக ஒரு வேண்டுதலைத் தேடிப் பிடிக்கிறார்கள், எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தால்தான் கால் நகரும் என்பதால்.

எங்கள் தோட்டத்துப் பெரியவர்களை நினைத்துக்கொண்டேன். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர்கள், நாலு காசு சேர்த்ததும் திரும்பிவிடலாம் என்றுதான் ஏறினார்கள். பலருக்கு அந்தத் திரும்புதல் வாய்க்கவே இல்லை. 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபின், குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் வேலை அனுமதிச் சீட்டு கிடைக்காமல் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். அதுவும் திரும்புதல்தான், ஆனால் அவர்கள் விரும்பி நடந்த வழி அல்ல. நினைத்த நேரத்தில், சொந்தக் காலில், காத்திருக்கும் வீட்டை நோக்கி நடக்கக் கிடைப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்பதை அவர்கள் வழிவந்த நாம் மறக்கக் கூடாது.

நம்மிடமும் திரும்புதலுக்கு ஒரு சடங்கு இருக்கிறது. காவடி எடுத்தவர்கள் வீட்டுக்கு வந்து இடும்பன் பூசை போட்டு விரதம் முடிக்கிறார்கள். படையல் வைத்து, அக்கம்பக்கத்தாரை அழைத்து உண்ணுகிறார்கள். பூசம் மலையில் முடிவதில்லை, வாசலில்தான் முடிகிறது என்று நம் முன்னோர் வைத்த ஏற்பாடு அது. இப்போது சில வீடுகளில் அதைப் பத்து நிமிடத்தில் முடிக்கிறார்கள். அது எனக்கு வருத்தம்.

அதனால் சிகாமட்டில் என் வயதுக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பூசத்துக்குப் பிள்ளைகளைப் பேருந்தில் அனுப்பிவிட்டு நீங்கள் தங்குங்கள். முழுத் தூரம் முடியாவிட்டால் செந்தூல் வரையாவது ரதத்தின் பின்னால் வாருங்கள். கோலாலம்பூரிலிருந்து சிகாமட்டுக்கு 2025 முதல் இடிஎஸ் ரயில் ஓடுகிறது, மறுநாள் காலையில் சேர்ந்தே ஊர் திரும்பலாம்.