திருமேனிக்கு என்ன விலை?

சுவாமிமலையில் வார்க்கப்படும் பஞ்சலோகத் திருமேனிக்கு விலை பேசலாமா, அதில் லாபம் வைக்கலாமா என்ற கேள்விக்கு ஆகம மரபில் வழி உண்டு. கண் திறந்து பிரதிஷ்டை முடிந்த பிறகே அது வழிபாட்டுக்குரிய மூர்த்தி. அதுவரை ஸ்தபதியின் கைவேலை. ஆகவே விலை உழைப்புக்குத்தான், தெய்வத்துக்கு அல்ல.

எவ்வளவு என்பதில்தான் சிக்கல். கிலோ கணக்கில் விலை பேசுவது வாங்குபவருக்கு எளிது. ஆனால் எடை உலோகத்தை மட்டுமே சொல்லும். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவைப் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டல் மண் பூசி, சூட்டில் மெழுகை வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். வார்ப்பை எடுக்க அச்சை உடைத்தே ஆக வேண்டும். பெருங்குறை விழுந்தால் மறுபடி மெழுகிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பிறகு உளிவேலை, விரல் நகம் வரை. சின்னச் சிலையில் நுணுக்கம் கூடும், எடையோ குறையும். கிலோ விலை அங்கே அநியாயமாகிறது.

திருக்குறள் வணிகத்தை நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்து, பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணச் சொல்கிறது. இதை விற்பவனுக்கான கட்டுப்பாடாகவே படிப்பது வழக்கம். வாங்குபவனையும் அது விடுவதில்லை: ‘கோயிலுக்குத்தானே’ என்று கூலியைக் குறைப்பது புண்ணியக் கணக்கில் சேராது. வீணான வார்ப்பு, கரி, தொழில் பழகும் பையனின் சாப்பாடு எல்லாம் கழித்து மிஞ்சுவதே லாபம்.