குடில் பொம்மையும் நியாயக் கூலியும்

திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரியில் பல குடும்பங்கள் பொம்மை செய்து பிழைக்கின்றன. நவராத்திரிக் கொலுவுக்கு உருவங்கள் செய்யும் அதே கைகள்தாம் நம் கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கும் பாலன் இயேசுவையும் மரியன்னையையும் சூசையப்பரையும் உருவாக்குகின்றன.

விற்பனையோ விழாக் காலங்களில் மட்டுமே. வயிற்றுப்பாடு ஆண்டு முழுவதும். குடில் பொம்மைகளுக்குரிய ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்ணும் எளிதில் காயாது. விற்காத பொம்மை அடுத்த ஆண்டுவரை முடங்கிய முதல். இதை அறிந்தும் நாம் பேரம் பேசுகிறோம். பங்கின் குடிலுக்காக நானும் பேசியதுண்டு. மிச்சம் பிடித்த பணத்தில் வண்ண விளக்குகள் வாங்கியதும் உண்டு. “அவர் சம்மதித்த விலைதானே?” என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

அந்தச் சம்மதம் போதுமா? திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடல், வேறு வழியின்றித் தொழிலாளி ஏற்கும் குறைந்த கூலி, அவர் இசைந்தார் என்பதாலேயே நீதியாகிவிடாது என்று கற்பிக்கிறது. கூலியாளுக்குச் சொன்னது கலைஞருக்கும் பொருந்தும். கலைத்திறன் இறைவனின் கொடையே. அதனால் அதை மலிவாகப் பெறும் உரிமை நமக்கு வந்துவிடாது.

இனிக் குடில் வாங்கும்போது, “எவ்வளவு குறைப்பீர்கள்?” என்பதற்கு முன், “இவ்விலை உங்கள் உழைப்புக்குக் கட்டுமா?” என்று கேட்போம். அதன்படி கொடுப்பதைத் தருமக் கணக்கில் எழுத வேண்டாம். அது நாம் பட்ட கடன்.