பல்லக்குக் குலுங்கியது ஏன்?

ஸ்ரீமத் பாகவதத்தின் ஐந்தாவது ஸ்கந்தத்தில் வரும் ஜடபரதரின் சரிதம் சாதகர் பலரும் அறிந்ததே. சிந்து ஸௌவீர தேசத்து அரசன் ரஹூகணன், கபில முனிவரைக் காணப் பல்லக்கில் செல்கிறான். இக்ஷுமதி நதிக்கரையில் சுமப்பதற்கு ஆள் குறைகிறது. அங்கே மௌனமாக இருந்த ஜடபரதரைப் பிடித்துத் தண்டின் அடியில் நிறுத்துகிறார்கள். எந்த உயிரும் மிதிபடாதபடி தரையைப் பார்த்துப் பார்த்து அவர் அடி வைக்கிறார்; மற்றவர் நடையோடு அது பொருந்தவில்லை. பல்லக்குக் குலுங்குகிறது. அரசன் கண்டது அந்தக் குலுக்கலை மட்டுமே. ஏளனம் செய்கிறான், தண்டிப்பதாக மிரட்டுகிறான்.

ஜடபரதர் ஞானி, அவரது மௌனம் அவரே மேற்கொண்டது. ஆட்டிசம் உள்ளோரை அவரோடு ஒப்பிடுவது இங்கே நோக்கமன்று. அவர்களைப் பிறவி ஞானிகள் என்று போற்றிவிட்டு அகல்வதும் அவர்கள் சொல்வதைக் கேளாமையே. சிந்திக்கத்தக்கது அரசனின் நிலை.

சத்சங்க மண்டபத்திற்கு ஒரு தாய் தன் பத்து வயது மகனை அழைத்து வருவதாகக் கொள்க. ஒலிபெருக்கி முழங்கியதும் அவன் காதுகளைப் பொத்திக்கொள்கிறான். பெரியவர் கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்கிறான். அவர் முகத்தை நோக்காமல் விரல்களை அசைத்தபடி நிற்கிறான். 'மரியாதை தெரியாத பிள்ளை' என்று முணுமுணுப்பு எழுகிறது. அவனுக்கோ பார்வையை விலக்கினால்தான் சொல் மனத்தில் பதியக்கூடும். திருப்பிச் சொல்வது விடைதேடும் முயற்சியாகவும், விரலசைவு கலங்கிய மனத்தை நிலைநிறுத்தும் வழியாகவும் இருக்கலாம்.

இத்தகையோருக்கு நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது பெரும்பாலும் நடிப்பே. கண்ணைப் பார், கையை அசைக்காதே, சிரி. நாள் முழுதும் இந்த வேடத்தைத் தாங்கிச் சோர்ந்து நிலைகுலைந்ததை அவர்களுள் பலர் எழுதியிருக்கின்றனர். தாமும் ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டிஷ் அறிஞர் டேமியன் மில்டன், புரிதல் தடைப்படுவதற்கு இருதரப்பும் காரணம் என்று 2012-இல் எடுத்துரைத்தார். 2020-இல் வெளியான ஓர் ஆய்வில் எண்மர் கொண்ட வரிசைகளில் ஒரு கதையை ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சொல்லவைத்தனர். ஆட்டிசம் உள்ளோர் மட்டுமே இருந்த வரிசைகள் மற்றவர் வரிசைகளுக்குச் சளைக்கவில்லை. இருவகையினரும் கலந்த வரிசைகளில்தான் கதை அதிகம் தேய்ந்தது. மேலும் பலரைக் கொண்டு நடத்தி 2025-இல் வெளியிட்ட ஆய்விலோ கலந்த வரிசைகளும் நிகராகவே நின்றன. ஆட்டிசம் உள்ளோருக்குச் செய்தி சொல்ல வராது என்ற எண்ணத்தை இரண்டும் மறுக்கின்றன.

கீதையின் பதினேழாவது அத்தியாயம் வாக்குத் தபஸில் பிறரைக் கலக்காமையையும் சத்தியத்தையும் சேர்த்தே வைக்கிறது. எனில், அச்சிறுவனுக்குக் கற்பிக்க வேண்டியவை அவனுக்கு உண்மையான சொற்கள்: 'சத்தம் தாங்கவில்லை', 'சற்றுப் பொறுங்கள்', 'வேண்டாம்'. வாயால் இயலாதபோது படஅட்டையாலோ எழுத்தாலோ சைகையாலோ சொல்லட்டும். 'வேண்டாம்' என்று அவன் சொன்னால் அது மதிக்கப்பட வேண்டும். இல்லையேல் அந்தச் சொல்லைக் கற்று என்ன பயன்? பெரியவருக்கும் பயிற்சி உண்டு. ஒரு கேள்வி கேட்டு, அதையே மீண்டும் மீண்டும் கேளாமல் விடை வரும்வரை காத்திருப்பது எளிய தவமன்று. ஒலிபெருக்கியைத் தணிப்பதும், வாயிலருகே அவனுக்கோர் இடம் ஒதுக்குவதும் அதைவிட எளியவை.

ஜடபரதர் வாய் திறந்தபோது ரஹூகணன் வாதாடவில்லை. விரைந்து பல்லக்கை விட்டு இறங்கினான்; தரையில் விழுந்து வணங்கினான். அதன் பின்னரே தன் ஐயங்களைக் கேட்கத் தொடங்கினான்.