கேட்டு வாசித்தல்

சிறிய ஜாஸ் குழுவில் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு பேர் இருப்பார்கள். பேஸ், டிரம்ஸ், பியானோ அல்லது கிட்டார் ஆகியவை தாளப் பிரிவு. அவற்றோடு சாக்ஸஃபோனோ டிரம்பெட்டோ சேரும். நடத்துநர் கிடையாது. எழுத்தில் இருப்பது பல சமயம் ஒரே ஒரு தாள்தான்: மெட்டும் அதற்குரிய கார்டுகளும் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்கள்). தொடக்கத்திலும் முடிவிலும் மெட்டை வாசிக்கிறார்கள். நடுவில் ஒவ்வொருவராகத் தம் கற்பனைக்கு ஏற்ப வாசிக்கிறார்கள்; அதுதான் சோலோ. அந்த நடுப்பகுதி எப்படிப் போகும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. தன் மனத்தில் உள்ளதை வாசித்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவர் வாசிப்பதையும் கேட்டு, கேட்டதற்கு ஏற்பத் தன் அடுத்த சுரத்தை மாற்றிக்கொள்வது எப்படி என்பதுதான் குழுவில் வாசிக்கக் கற்பவர் முன்னுள்ள கேள்வி.

முதல் பாடம் மெட்டின் அமைப்பு. ப்ளூஸ் என்றால் பொதுவாக 12 பார் (தாளக் கட்டம்). பழைய பிராட்வே பாடல்களிலிருந்து வந்த மெட்டுகளில் பல 32 பார் கொண்டவை. பாருக்கு நான்கு அடி என்றால், நிமிடத்துக்கு 160 அடி வேகத்தில் 32 பாரும் 48 விநாடியில் முடிந்து, சுற்று மறுபடி தொடங்கிவிடும். எந்தப் பாரில் இருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டிருக்கும்வரை ஒருவரின் கவனம் அவர் விரல்களைத் தாண்டிப் போகாது. ஆகவே மெட்டை வாயால் பாடிப் பார்ப்பதும், கார்டுகளின் ஆதார சுரங்களைத் தனியே பாடுவதும், மெட்ரோனோமை இரண்டாம், நான்காம் அடிகளில் மட்டும் ஒலிக்கவிட்டுப் பயில்வதும் தொடக்கப் பயிற்சிகள். தாளம் டிரம்மரின் பொறுப்பு என்று எல்லோரும் சாய்ந்துகொண்டால் டிரம்மர் வெறும் கடிகாரமாகிவிடுவார். ஒவ்வொருவரும் தாளத்தைத் தமக்குள் வைத்திருந்தால்தான் அவருக்கும் விளையாட இடம் கிடைக்கும்.

அடுத்தது பக்கம் வாசிப்பது. ஜாஸ்காரர்கள் இதைக் காம்பிங் என்பார்கள். பியானோ கலைஞர் கார்டுகளை எங்கே வைப்பது, எங்கே விடுவது என்று அந்தந்தக் கணத்தில் முடிவு செய்கிறார். சாக்ஸஃபோன் வேகமாக ஓடும்போது அதே ஸ்தாயியில் பியானோவும் நெருக்கி வாசித்தால் இரண்டும் கேட்காது. வாக்கியம் முடிந்து சாக்ஸஃபோன்காரர் மூச்சு வாங்கும் இடைவெளியில் இரண்டு கார்டு விழுந்தால் அடுத்த வாக்கியம் தானே எழும். பியானோவும் கிட்டாரும் சேர்ந்திருக்கும் குழுவில் ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் கையை எடுத்துவிடுவதும் உண்டு. 1957இல் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் வாசித்துக்கொண்டிருக்கையில் தெலோனியஸ் மங்க் பியானோவை விட்டு எழுந்து ஆடப் போய்விடுவார். பேஸும் டிரம்ஸும் மட்டும் துணையிருக்க, கோல்ட்ரேனுக்கு வெளி முழுவதும் திறந்துகொள்ளும். வாசிக்காமல் இருப்பதும் பக்கம் வாசிப்பதில் அடங்கும்.

கேட்கத் தொடங்கியவர் அடுத்துச் செய்யும் தவறு, கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்வது. சோலோ வாசிப்பவர் ஒரு தாளக் கோவையை வாசித்ததும் டிரம்மர் அதையே அடிக்கிறார், பியானோவும் அதையே எதிரொலிக்கிறது. முதல் முறை உற்சாகமாக இருக்கும். மூன்றாம் முறை சோலோகாரரின் வழி அடைபட்டுவிடும். பதில் சொல்லப் பல வழிகள் உண்டு: அவர் விட்ட வாக்கியத்தை முடித்துவைக்கலாம், எதிர்த்திசையில் போகலாம், அவர் மேலேறும்போது அசையாமல் நின்று தரையாகலாம். எதைக் கவனித்தோம் என்று ஒவ்வொரு முறையும் காட்ட வேண்டியதில்லை.

இந்த உரையாடலை வெகுதூரம் கொண்டுசென்றவர்கள் பில் எவன்ஸ் (பியானோ), ஸ்காட் லஃபாரோ (பேஸ்), பால் மோஷன் (டிரம்ஸ்) மூவரும். 1959 டிசம்பரில் அவர்கள் பதிவுசெய்த ‘ஆட்டம் லீவ்ஸ்’ மெட்டில், முதல் சுற்று முடிந்ததும் பேஸ் வழக்கம்போல் அடிக்கு ஒரு சுரமாக நடந்து போவதில்லை. துண்டு துண்டாகப் பேசுகிறது; பியானோ இடையில் புகுந்து வேறொன்று சொல்கிறது; டிரம்ஸ் இருவருக்கும் நடுவே சீண்டுகிறது. அடி வெளிப்படையாக ஒலிக்காவிட்டாலும் மூவருக்குள்ளும் ஓடிக்கொண்டே இருக்கிறது. பிறகு பேஸ் நடக்கத் தொடங்கும்போது மூவரும் ஒரே இடத்தில் சந்திக்கிறார்கள். 1961 ஜூன் 25இல் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் அவர்கள் வாசித்ததும் பதிவாகியிருக்கிறது. அடுத்த மாதமே கார் விபத்தில் லஃபாரோ இறந்தார், வயது 25.

பிழையும் கேட்கும் திறனைச் சோதிக்கும். 1960களில் ஒரு கச்சேரியில் நடந்ததைப் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். குழுவின் தலைவரான டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் சோலோவுக்கு நடுவே ஹான்காக் முற்றிலும் தவறான கார்டை வாசித்துவிட்டார். டேவிஸ் ஒரு கணம் நிறுத்தி, அந்தக் கார்டோடு பொருந்தும் சுரங்களை வாசித்தார். தவறு இசைக்குள் சேர்ந்துவிட்டது. அதைப் பிழையென்று தீர்ப்பளிக்காமல், நடந்துவிட்ட ஒன்றாக டேவிஸ் எடுத்துக்கொண்டார் என்பது ஹான்காக்கின் விளக்கம்.

இப்படிக் கேட்டு வாசிக்கப் பழகச் சில எளிய வழிகள் உள்ளன. நான்கு நான்கு பாராக மாறி மாறி வாசிக்கும்போது, முன்னவர் விட்ட கடைசி வாக்கியத்திலிருந்தே தன் முறையைத் தொடங்குவது. ஒரு சுற்று முழுவதும் இரண்டே சுரங்களில் வாசிப்பது. சொற்கள் குறைந்தால் காது விழிக்கும். பயிற்சியைப் பதிவுசெய்து, தன் வாத்தியத்தை விட்டு மற்றவர்களை மட்டும் கேட்பது. தான் கவனிக்காமல் விட்ட அழைப்புகள் அப்போது தெரியவரும்.

இத்தனைக்குப் பிறகும் நல்ல உரையாடல் ஒவ்வோர் இரவும் வாய்க்காது. திட்டமிட்டு அதை வரவழைக்கவும் முடியாது. ஒருவரால் முடிந்தது இரண்டுதான்: தன் பங்கை யோசிக்காமல் செய்யும் அளவுக்குப் பழகி வைப்பது, அப்படிப் பழகியதையே பக்கத்தில் இருப்பவருக்காகக் கைவிடத் தயாராக இருப்பது. முதலாவதைத் தனியறையில் கற்கலாம். இரண்டாவதற்கு மற்றவர்கள் வேண்டும்.